ஓக் விறகின் புகை மணக்கும் தகர டப்பா: லா வேரா மிளகாய்த்தூள்

ஸ்பெயின் நாட்டு வீட்டுச் சமையலைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டிய பொருள் எது என்று என்னைக் கேட்டால், விலை மிகுந்த குங்குமப்பூவை அல்ல, 'பிமென்தோன் தெ லா வேரா' என்னும் புகையூட்டிய மிளகாய்த்தூளைத்தான் தயங்காமல் சொல்வேன். மத்ரித்தில் குடியிருக்கும் இந்த மூன்று ஆண்டுகளில் ஏழெட்டு டப்பாக்களைக் காலி செய்த பிறகே இதை எழுதுகிறேன்.

நாட்டின் மேற்கே, எக்ஸ்த்ரெமதூரா பகுதியின் காசெரெஸ் மாகாணத்தில் லா வேரா என்னும் வட்டாரம் இருக்கிறது. மிளகாய் அறுவடையாகும் இலையுதிர் பருவத்தில் அங்கே மழை பிடித்துக்கொள்வதால், வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது. அதனால் கொட்டகைக்குள் ஓக் விறகை மூட்டி, அதற்கு மேலே இடைவெளி விட்டு அடித்த பலகைத் தளத்தில் மிளகாயைப் பரப்பி, நாள்தோறும் கையால் புரட்டிவிட்டு, 10 முதல் 15 நாட்கள் வரை புகையிலேயே உலர்த்துகிறார்கள். தென்கிழக்கே முர்சியாவில் வெயிலில் காய்ந்த மிளகாயை அரைக்கிறார்கள். அந்தத் தூளின் நிறமும் அழகுதான், ஆனால் அதில் இந்த மணம் கிடையாது.

டப்பாவைத் திறந்தவுடன் அணைந்த விறகடுப்பின் வாசனை எழுகிறது. சுட்ட செங்கல்லைவிடச் சற்று ஆழ்ந்த சிவப்பு நிறம். விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவைப் போல மென்மையாக இருக்கிறது, கழுவிய பிறகும் மணம் போவதில்லை. இனிப்பான 'துல்சே', இரண்டுக்கும் நடுவான 'அக்ரிதுல்சே', காரமான 'பிகான்தே' என்று மூன்று வகைகள் உண்டு. நம் வீட்டு மிளகாய்த்தூளை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குபவருக்குக் காரமான வகைகூடச் சாதுவாகத்தான் தெரியும். இதன் வேலை எரிப்பதல்ல, குழம்புக்கு ஆழம் கொடுப்பது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது பூண்டு சூப்பில்தான். பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், முட்டை, இந்தத் தூள் ஆகியவற்றை மட்டுமே கொண்டு நடு ஸ்பெயினின் காஸ்தீலியா வீடுகளில் குளிர்காலத்தில் வைக்கும் எளிய சூப் அது. முதல் முறை, பூண்டு பொன்னிறமானதும் அடுப்பை அணைக்காமலேயே தூளைப் போட்டேன். சில நொடிகளில் கருத்துப்போய், பானை முழுவதும் கசந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்து, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, எண்ணெயின் சூடு சற்றுத் தணிந்ததும் தூளைப் போட்டு ஒரே கிளறு கிளறி உடனே தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று செய்தே காட்டினார். அன்று எண்ணெய் செம்பொன் நிறமாகி ரொட்டித் துண்டுகளில் ஊறியதைப் பார்த்த பிறகு, பயறுக் குழம்பு, அவித்து மசித்த உருளைக்கிழங்கு என எதையும் இது இல்லாமல் நான் சமைத்ததில்லை. வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா முறையில் வேகவைத்த ஆக்டோபஸுக்கோ இதைச் சமைக்கவே வேண்டாம். கல்லுப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கடைசியில் மேலே தூவினால் போதும்.

குறைகளும் உண்டு. டப்பாவின் மூடி மிகவும் இறுக்கம். கரண்டிக் காம்பால் நெம்பும்போது தூள் சிதறிவிடும். ஒருமுறை சுற்றுலாப் பயணிகள் கூடும் தெருக்கடை ஒன்றில் 'புகையூட்டியது' என்று எழுதிய அலங்காரத் துணிப்பையை வாங்கி ஏமாந்தேன். அதில் புகையும் இல்லை, மணமும் இல்லை. லா வேராவிலேயே தயாரானது என்பதற்குச் சட்ட உறுதியான 'பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயரை'க் காட்டும், எண்ணிட்ட முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

நான் வாங்கும் 75 கிராம் டப்பாவின் விலை மூன்று யூரோவுக்குச் சற்றுக் குறைவு. நாளாக ஆக மணம் குறைந்துவிடும் என்பதால் பெரிய டப்பா வேண்டாம். முதலில் 'துல்சே' வகையை வாங்கி, வெளிச்சமும் ஈரமும் படாத அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.