அச்சு அருமை, அஞ்சல் சுமார்: ஓர் அழைப்பிதழ்ச் சேவையைப் பற்றி

திருமண அழைப்பிதழை வடிவமைத்து, அச்சிட்டு, உறையில் முகவரி பொறித்து, அஞ்சலிலும் தாங்களே சேர்த்துவிடும் இணையச் சேவை ஒன்றை எங்கள் வீட்டுத் திருமணத்துக்குப் பயன்படுத்தினோம். அச்சு வேலையை மறுபடியும் அவர்களிடமே கொடுப்பேன். அஞ்சல் வேலையைக் கொடுக்க மாட்டேன்.

அட்டை 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை. இவ்வளவு தடித்த அட்டையைக் கோடு அழுத்தாமல் மடித்தால் மடிப்பின் முதுகில் மை வெடித்து வெண்மை தெரியும். இவர்கள் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கோட்டை அழுத்தி, அதாவது கிரீஸிங் போட்டே மடித்திருந்தார்கள். பொன்னிற ஃபாயிலில் மெல்லிய கோடுகள்கூடச் சிதையவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது தமிழ் எழுத்தைக் கையாண்ட விதம். ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்து அனுப்பும் வாசகத்தை, இந்திய மொழிகளுக்கான அமைப்பு இயங்காத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்று ‘கொ’, ‘போ’ எல்லாம் உருக்குலைந்துவிடும். அச்சுக்கு முன் சரிபார்க்க இவர்கள் அனுப்பிய மெய்ப்பில் அப்படி ஓர் இடம்கூட இல்லை. தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று தாங்களாகவே நாட்காட்டியைப் பார்த்துக் குறித்திருந்ததையும், இரண்டு பேர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அச்சுக்கு அனுப்புவோம் என்று வற்புறுத்தியதையும் பாராட்டத்தான் வேண்டும்.

தொல்லை உறையில் தொடங்கியது. அஞ்சல் கட்டணத்தை அவர்கள் அட்டையின் எடையை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர். ஏ5 அதில் 32இல் ஒரு பங்கு. ஆகவே 300 ஜிஎஸ்எம் ஏ5 அட்டை ஒன்றே 9 கிராமுக்கு மேல் இருக்கும். அதனுடன் உள்தாள், வருகையைத் தெரிவிக்கும் பதில் அட்டை, அதற்கு ஒரு சிற்றுறை, வெளியுறை என்று சேர்த்தால், பல நாடுகளில் கடிதத்துக்கான முதல் எடைப்படியாக உள்ள 20 கிராமை எளிதில் தாண்டிவிடும். விளைவு, சில உறவினர்கள் அஞ்சல்தலை குறைந்ததற்கான தண்டத்தைக் கட்டி எங்கள் அழைப்பிதழை வாங்கியிருக்கிறார்கள். விருந்தினரிடம் இதைவிடச் சங்கடமான முறையில் அறிமுகமாக முடியாது.

முகவரிப் பட்டியலுக்கு அவர்கள் தந்த எக்செல் படிவத்தில் அஞ்சல் குறியீட்டுப் பத்தி எண்ணாக அமைக்கப்பட்டிருந்தது. அதனால், பூஜ்யத்தில் தொடங்கும் வெளிநாட்டுக் குறியீடுகள் அந்தப் பூஜ்யத்தை இழந்தே உறையில் ஏறின. அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை. இதற்கு மேல், அனுப்புநர் முகவரியாகத் தங்கள் அலுவலகத்தையே அச்சிட்டிருந்தார்கள். திரும்பி வந்த உறைகள் அவர்களிடம் கிடந்தனவே தவிர, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பது நாங்கள் விசாரிக்கும் வரை எங்களுக்குத் தெரியவில்லை.

சதுர உறையும் அரக்கு முத்திரையும் அவர்களின் மாதிரிப் படங்களில் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் சதுர உறையில் எந்தப் பக்கம் நீளம் என்று பிரித்தனுப்பும் எந்திரத்துக்குத் தெரியாது என்பதால் சில நாடுகளில் கூடுதல் கட்டணம் உண்டு. புடைத்து நிற்கும் அரக்கோ உருளைகளுக்கிடையே நொறுங்கும். மடித்த ஏ5 அட்டைக்கு 114 × 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறையே போதும் என்று நாங்கள் அதையே தேர்ந்தோம். முத்திரை வேண்டும் என்பவர்கள் அதை உள்ளிருக்கும் அட்டையின் நாடாமேல் வைத்துக்கொள்ளலாம்.

அச்சு, மடிப்பு, உறையிடல் மூன்றையும் இவர்களிடம் தயங்காமல் ஒப்படைக்கலாம். அஞ்சல்தலை ஒட்டுவதையும் அஞ்சலில் சேர்ப்பதையும் வீட்டில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டு உறைகளை மற்றவற்றுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது. அஞ்சலையும் அவர்களிடமே கொடுத்தாக வேண்டிய நிலையில் இருப்பவர்கள், எல்லாம் உள்ளே வைத்து ஒட்டிய ஓர் உறையை முதலில் தங்கள் முகவரிக்கே அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள், தாங்களாகச் சொல்வதில்லை.