உப்புத் தண்ணீரில் மிதந்தால் அம்பர் ஆகிவிடாது

காத்தான்குடியில் ஒருவர் 33 மணித் தஸ்பீஹ் (பிரார்த்தனை மணிமாலை) ஒன்றை 'பால்டிக் அம்பர்' (மண்ணில் புதைந்து இறுகிய பழைய மரப்பிசின்) என்று 42,000 ரூபாவுக்கு வாங்கினார். விற்றவர் கண்முன்னே மூன்று சோதனை காட்டினார். மணி உப்புத் தண்ணீரில் மிதந்தது. துணியில் தேய்த்ததும் கடதாசித் துண்டை இழுத்தது. சுட்ட ஊசி பட்டதும் மரப்பிசின் மணத்தது. மூன்றிலும் பித்தலாட்டம் இல்லை. ஆனால் தேய்த்தால் பிளாஸ்டிக்கும் கடதாசியை இழுக்கும்; மற்ற இரண்டும் பெரும்பாலான பிளாஸ்டிக்கைத்தான் காட்டிக்கொடுக்கும், கோபலை அல்ல.

கோபல் அம்பராக முற்றாத மரப்பிசின். பால்டிக் அம்பர் ஏறத்தாழ 4 கோடி ஆண்டு பழையது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிட்டன. சந்தைக்கு வரும் மடகஸ்கார், கொலம்பியக் கோபல் பெரும்பாலும் அவ்வளவு பழையதே இல்லை. ஆவியாகும் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கும். அது வெளியேற வெளியேற மேற்பரப்பு சிலந்திவலை போல வெடிக்கும். அடர்த்தி மட்டும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 200 மில்லிலீற்றர் தண்ணீரில் 40 கிராம் உப்பைக் கரைத்தால் இரண்டுமே மிதக்கும். உள்ளே பூச்சி இருக்கிறதே என்றும் மயங்க வேண்டாம், கோபலிலும் பூச்சி உண்டு.

(அத்தர்க் கடை 'அம்பர்' திமிங்கிலத்திலிருந்து வருவது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

அந்தத் தஸ்பீஹைக் காட்டிக்கொடுத்தது ஜும்ஆவுக்கு அடித்த சென்ட். அதிலிருந்த அல்கஹோல் பட்டு மணிகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டன.

வாங்குமுன் கியூடெக்ஸ் அழிக்கிற ரிமூவர் கொண்டுபோங்கள். போத்தலில் அசிற்றோன் என்று இருக்க வேண்டும்; அசிற்றோன் இல்லாத வகை பயன்படாது. துளையோரம், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டு. அரை நிமிடம் பொறுத்து விரலால் அழுத்துங்கள். கோபல் ஒட்டும், பளபளப்பும் மங்கும். அம்பருக்கு ஒன்றும் ஆகாது. சொட்டு சட்டென்று காய்ந்தால் இன்னொன்று விடுங்கள், அவசரப்பட்டால் கோபலும் தப்பிவிடும். சிலவகைப் பிளாஸ்டிக் அசிற்றோனில் இளகாது என்பதால் உப்புத் தண்ணீரையும் கைவிட வேண்டாம். கடைக்காரர் மறுத்தால் வாங்காதீர்கள்.

வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கிய கோபலும் வருகிறது, பச்சை நிறத்தில் அதிகம். அது இந்தச் சொட்டுக்கும் தாக்குப்பிடிக்கலாம். அதற்கு ஆய்வுகூடத்தில் அகச்சிவப்புச் சோதனைதான்.

திருப்பிக் கொண்டுபோனபோது கடையில் வேறொரு தஸ்பீஹ் மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் ஒட்டியது. காசு கேட்டால், பில்லில் இருப்பது 'மணிமாலை 1' மட்டும்தானாம். 'பால்டிக் அம்பர், கோபல் அல்ல' என்று எழுதி வாங்கிய பிறகே காசை நீட்டுங்கள்.