கல்ஓயாத் தண்ணீரில் நெல்லா, கரும்பா?

இலங்கையின் அம்பாறையில், கல்ஓயா ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்துத் தண்ணீர் சம்மாந்துறை வயலுக்கும் போகிறது, ஹிங்குரான கரும்புக்கும் போகிறது. காலநிலை மாறும்போது எது தாங்கும்?

வெயிலை மட்டும் பார்த்தால் கரும்புதான். பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் நெல் மணி பிடிக்காமல் பதராகும். கரும்பு அந்தச் சூட்டிலும் வளரும், தண்ணீர் இருந்தால்.

சிக்கல் மழையில்தான். முற்றும் பருவத்தில் கரும்புக்கு வறண்ட நிலமும் குளிர்ந்த இரவும் வேண்டும், அப்போதுதான் தண்டில் சீனி சேரும். பருவம் தப்பி மழை கொட்டினால் தண்டு மறுபடி வளரப் பார்க்கும், சாறு நீர்த்துவிடும். நிறை இருக்கும், சீனி இருக்காது. சேற்றில் லொறி இறங்காது. வெட்டிய கரும்போ ஓரிரு நாளில் ஆலைக்குள் போயாக வேண்டும், தாமதித்தால் இனிப்பு குறைந்துகொண்டே போகும். கரும்பு வராவிட்டால் ஆலையும் நிற்கும். விவசாயியும் ஆலையும் ஒரே மழையில் சேர்ந்து அடிபடுவது எனக்குப் பெரிய கவலை.

நெல்லும் வெள்ளத்தில் அழியும், சரி. ஆனால் அது மூன்று, நான்கு மாதப் பயிர். பெரும்போகம் போனாலும் குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோகம் உண்டு. காய்ந்த நெல்லை மூட்டையில் வைத்து விலைக்குக் காத்திருக்கலாம். கரும்பு ஏறக்குறைய ஒரு வருடம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும், வாங்குவதற்கும் ஆலையை விட்டால் ஆளில்லை.

நீர் தேங்கும் பள்ளக்காணிக்கு நெல்லே சரி. வடிகால் உள்ள மேட்டில், ஆலைக்கு அருகில் என்றால் மட்டும் கரும்பு போடச் சொல்வேன்.