ப்ளேரைட்: தினசரி லாகின் வேலை மிச்சம்

எங்கள் கடைக்குச் சரக்கு அனுப்பும் விநியோகஸ்தரின் தளத்தில் தினமும் காலையில் லாகின் செய்து பில்களை இறக்குவது என் வேலை. அதைப் பைத்தான் ஸ்கிரிப்டிடம் விட்டு இரண்டு மாதம் ஆகிறது, அதற்காகப் பிரவுசரை ஓட்டுவது மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட ப்ளேரைட் என்ற கருவி. பட்டன் அழுத்தத் தயாராகும்வரை அதுவே காத்திருக்கும், முன்பு மாதிரி வரிக்கு வரி ஸ்லீப் 5 (ஐந்து நொடி காத்திரு) என்று எழுத வேண்டாம். ரொம்பப் பிடித்தது ஸ்டோரேஜ் ஸ்டேட்: ஒருமுறை ஓடிபி கொடுத்து நானே உள்ளே போனேன், குக்கீகளை (நாம் லாகின் செய்ததைத் தளம் பிரவுசரில் குறித்துவைக்கும் தகவல்) ஒரு ஜேசான் ஃபைலில் சேமித்துக்கொண்டேன், மறுநாள் அந்த ஃபைலைக் கொடுத்ததும் நேராகப் பில் பக்கம் திறந்தது. தளம் அந்த லாகினை முடித்துவிட்டால் மறுபடி ஓடிபிதான். செஷன் ஸ்டோரேஜ் (டேப் திறந்திருக்கும்வரை மட்டும் பிரவுசர் வைத்திருக்கும் தகவல்) இதில் சேராது, அதைச் சேமிக்கத் தனியாகக் கோட் எழுத வேண்டும். அப்புறம், அந்த ஃபைலைத் தயவுசெய்து கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள், அது கிடைத்தவர் உங்கள் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே வந்துவிடுவார்.