அம்மாவின் பெயரில் ‘37 வயது ஆண்’: வீட்டுக்கு வந்து எடுத்த சிறுநீரகப் பரிசோதனை குறித்து ஓர் எச்சரிக்கை

வீரவநல்லூரில் எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்கு வயது 67. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு; ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டு, கடந்த மே மாதம், வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்துச் செல்லும் ஒரு தனியார் நிறுவனத்தில் ‘முழுச் சிறுநீரகப் பரிசோதனை, 11 சோதனைகள்’ என்ற தொகுப்புக்கு 999 ரூபாய் கட்டினேன். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று மறுநாள் அறிக்கை வந்தது. அது தவறு என்று தெரிய வருவதற்குள் இரண்டரை மாதம் போய்விட்டது; அந்த இரண்டரை மாதமும் முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபீனாக் என்ற வலி மாத்திரையை அம்மா நாள் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார்.

ரத்தம் எடுக்க வந்த தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலை 7.15 மணிக்கு வந்தார். “ஆச்சி, கையை மடக்காம நீட்டுங்க” என்று பக்குவமாகப் பேசித்தான் ஊசி போட்டார். நரம்பு சட்டென்று அகப்படாததால் பட்டையை இறுக்கிக் கட்டியபடியே வெகுநேரம் தடவிப் பார்த்தார். எடுத்த ரத்தம் முழுவதையும் ஒரே சிவப்பு மூடிக் குழாயில் விட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பைக்கின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். அதில் ஐஸ் இல்லை. அடுத்து கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் நான்கு வீடுகள் இருப்பதாகச் சொன்னார். அவர்களுடைய ஆய்வகமோ நேரெதிர்த் திசையில், பாளையங்கோட்டையில் இருக்கிறது. கத்திரி வெயில் கொளுத்திய நாள் அது. மாதிரி ஆய்வகத்தில் பெறப்பட்ட நேரம் பிற்பகல் 3.50 என்று அறிக்கையிலேயே அச்சாகியிருந்ததை நான் பிற்பாடுதான் கவனித்தேன்.

கைப்பேசியில் பதிவு செய்தபோது கணக்கு என் பெயரில் இருந்தது. “பரிசோதனை அம்மாவுக்குத்தான், பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். “நான் மாத்திக்கிடுதேன் அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்” என்றார். பெயரை மாற்றவும் செய்தார். வயதையும் பாலினத்தையும் மாற்றவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நாள் முழுவதும் கணக்குச் சரிபார்ப்பதே என் வேலை. ஆனாலும் அம்மாவின் பெயருக்கு நேரே ‘37 / ஆண்’ என்று இருந்ததை விட்டுவிட்டு, பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்று போட்டிருந்த கட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த இரண்டு விவரங்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இரண்டரை மாதம் கழித்துத்தான் விளங்கியது. அம்மாவின் கிரியேட்டினின் 1.2 என்று வந்திருந்தது. அறிக்கையின் வலது ஓரத்தில் அச்சிட்டிருந்த இயல்பு அளவும் 1.2 வரைதான் என்பதால் அதில் சிவப்புக் குறி விழவில்லை. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; தசை குறைந்த வயதான பெண்ணுக்கு வரும் 1.2-ம், உழைத்து உரமேறிய இளைஞனுக்கு வரும் 1.2-ம் ஒன்றல்ல. அதனால்தான் அந்த எண்ணோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை ஈஜிஎஃப்ஆர் என்ற கணக்காகப் போடுகிறார்கள். 2021-ஆம் ஆண்டு முதல் புழங்கிவரும் சூத்திரத்தில் அதே 1.2-ஐ 37 வயது ஆணுக்குப் போட்டால் 80 வருகிறது. 67 வயதுப் பெண்ணுக்குப் போட்டால் 50 வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய். அம்மாவின் ரத்தத்தை என் வயதில் கணக்குப் போட்டு 80 என்று கொடுத்துவிட்டார்கள்.

அறிக்கையில் சிவப்பில் இருந்தது பொட்டாசியம் ஒன்றுதான்: 5.9. அடுத்த நாளே நிறுவனத்திலிருந்து ‘ஊட்டச்சத்து ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் பேசினார். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று அச்சுறுத்திவிட்டு, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொல்லி, 1,499 ரூபாய்க்கு மூன்று மாத உணவுத் திட்டம் ஒன்றை வாங்கச் சொன்னார். நான் வாங்கவில்லை, ஆனால் அம்மா அன்றோடு வாழைப்பழத்தை விட்டுவிட்டார். ரத்தம் எடுக்கும்போதோ வழியில் குலுங்கியோ சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து அளவு பொய்யாக ஏறும். இதே தொகுப்பில் இலவசம் என்று சேர்த்துப் பார்த்த சர்க்கரை 81 என்று வந்திருந்தது. அன்று காலை அதே நேரத்தில் வீட்டு மீட்டரில் 128. சர்க்கரை குறையாமல் காக்கும் பொருள் கலந்த சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காமல், அணுக்களைத் தனியே பிரிக்கவும் செய்யாமல் மணிக்கணக்கில் வைத்த ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அணுக்களே தின்று தீர்க்கும் என்பதால், அந்த 81 ஒன்றே மாதிரி கெட்டுப்போனதற்குச் சாட்சி. பொட்டாசியம் அபாயம் என்று பேச ஆள் வைத்திருப்பவர்கள், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூலை மூன்றாம் வாரம் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கியது. சிறுநீரில் நுரை வருவதாக ஒரு மாதமாகவே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லக் கூச்சம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மே மாத அறிக்கையைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். மருத்துவர் எண்களைப் பார்க்குமுன் தலைப்பைப் பார்த்துவிட்டு, “இது யாரு ரிப்போர்ட்டுங்க? பேரு அம்மா பேரு, வயசு முப்பத்தேழு, ஆம்பளைன்னு போட்டுருக்கே?” என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அங்கே புதிதாக எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் 1.3, ஈஜிஎஃப்ஆர் 45, பொட்டாசியம் 4.4. கூடவே காலைச் சிறுநீரில், அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்த்தார்கள். 30-க்குள் இருக்க வேண்டியது 180 இருந்தது. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்குவதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்தச் சிறுநீர்ச் சோதனைதான், ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது பிறகுதான் என்று மருத்துவர் சொன்னார். ‘முழு’ என்று பெயர் வைத்த தொகுப்பில் சிறுநீரே கேட்கவில்லை.

அன்று இரவு அந்த 11 சோதனைகளையும் தாளில் எழுதிப் பார்த்தேன். யூரியா ஒன்று, யூரியா நைட்ரஜன் இன்னொன்று. முன்னதை 2.14-ஆல் வகுத்தால் பின்னது வந்துவிடும். கிரியேட்டினினோடு அந்த இரண்டையும் வகுத்து இரண்டு விகிதங்கள், பிறகு ஈஜிஎஃப்ஆர். ஆக நான்கு ‘சோதனைகள்’ வெறும் வகுத்தலும் பெருக்கலும். ரத்தத்தில் உண்மையாக அளந்தது கிரியேட்டினின், யூரியா, யூரிக் அமிலம், கால்சியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகிய ஏழுதான்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால், “ஆர்டரில் நீங்கள் கொடுத்த விவரப்படிதான் ரிப்போர்ட் வரும்” என்று ஒப்பிப்பதோடு, அடுத்த பதிவுக்கு 200 ரூபாய் கூப்பன் தருகிறேன் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு 17-ஆம் நாள் 999 ரூபாய் திரும்ப வந்தது. அதோடு, நான் கேட்காமலே, ‘67 / பெண், ஈஜிஎஃப்ஆர் 50’ என்று புதிய அறிக்கையையும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அதில் பழைய தேதியே இருந்தது; திருத்தியது என்ற சொல் எங்கும் இல்லை. திருத்திய அறிக்கை என்றால் அப்படிக் குறிப்பிட்டு, முந்தைய அறிக்கையையும் சுட்டித்தான் வெளியிட வேண்டும் என்பது ஆய்வகங்களுக்கான தர விதி. பழையதைத் தொலைத்திருந்தால் என் புகாருக்கே ஆதாரம் இருந்திருக்காது. ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் முத்திரை விளம்பரத்தில் பளிச்சென்று இருந்தது; அது இரண்டு அறிக்கைகளிலுமே இல்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும், ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. நிறுவனத்தின் வேறொரு ஊர் ஆய்வகத்துக்கு இருப்பதை நம்முடைய ரத்தத்துக்கும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

வீட்டில் ரத்தம் எடுப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடமாட முடியாதவர்களுக்கு வேறு வழி ஏது? ஆனால் ஆள் புறப்படும் முன் அவர் கையிலிருக்கும் சீட்டில் பெயர், வயது, பாலினம் மூன்றையும் நீங்களே படித்துப் பாருங்கள். ரத்தத்திலிருந்து அணுக்களை எத்தனை மணிக்குள் எங்கே பிரிப்பார்கள் என்று கேளுங்கள்; பதில் மழுப்பலாக இருந்தால், சிரமம் பாராமல் ஆய்வகத்துக்கே போய்க் கொடுங்கள். முந்தின நாள் இரவு கறிக்குழம்பு சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், சமைத்த இறைச்சி சில மணி நேரத்துக்குக் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும். சிறுநீர் அல்புமின் சோதனை தொகுப்பில் இல்லையென்றால் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா டைக்ளோஃபீனாக்கை நிறுத்திவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். அக்டோபரில் மறுபடி பார்த்ததில் கிரியேட்டினின் 1.1, ஈஜிஎஃப்ஆர் 55. மூன்று மாதம் கழித்தும் 60-ஐத் தொடாததால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே சீட்டில் எழுதியிருக்கிறார்கள். ஜனவரியில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வாழைப்பழம் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னதை மட்டும் அம்மா இன்னும் நம்பவில்லை.