ஆங்கில வகுப்புக்கு ஒரு சஷிகோத் தையல் தொகுப்பு: மதிப்புரை

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில்தான் மனையியல் பாடத்தின் வழியாக ஊசியும் நூலும் மாணவர் கைக்கு வருகின்றன. 2020 முதல் ஆங்கிலம் முறையான பாடமாகத் தொடங்குவதும் அதே வகுப்பில்தான். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணி, அங்குள்ள கைவினைக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ‘ஹனாஃபுகின்’ (பூவேலைத் தையல் போட்ட சமையலறைத் துணி) தொகுப்பை என் ஆங்கில வகுப்புக்காக வாங்கினேன். தொகுப்பு நன்றாகவே பயன்பட்டது. உடன் வந்த ஆங்கிலக் குறிப்புத்தாளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சஷிகோ என்பது வடகிழக்கு ஜப்பானின் குளிரில் உழவர் குடும்பங்கள் துணிகளை அடுக்கித் தைத்து வலுவூட்டிய ஓட்டுத் தையல். இத்தொகுப்பில் இருப்பது, சுமார் 34 சென்டிமீட்டர் சதுரத்தில் இரட்டையாக மடித்த வெள்ளைப் பருத்தித் துணியும், அதன்மேல் தண்ணீரில் கரையும் மையால் அச்சிட்ட கோடுகளும்தான். நூலும் சேர்ந்து வருவதாகப் பார்த்து வாங்குவது நல்லது. இழை இழையாகப் பிரியும் சாதாரண எம்பிராய்டரி நூலில் சஷிகோவுக்குரிய தடிப்பு அமையாது.

தைக்கும்போது ஊசியை ஏறத்தாழ அசைக்காமல் பிடித்துக்கொண்டு, துணியைக் கொசுவிக் கொசுவி அதில் ஏற்ற வேண்டும். சில தையல்கள் சேர்ந்ததும் நூலை இழுத்து, சுருங்கிய துணியை விரலால் நீவிவிட வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் தைக்கும்படி மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைத்தால், ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் ஏவல் வினையும் ‘த்ரூ’, ‘அண்டர்’, ‘அலாங்’ போன்ற ஒரு சொல்லும் தேவைப்படுகின்றன. சொல் தவறினால் தவறு துணியிலேயே தெரிந்துவிடுகிறது. ஜப்பானிய மொழியில் இல்லாத ‘எ’ (a), ‘த’ (the) வேறுபாடுகூட, பல ஊசிகளில் ஏதோ ஒன்றை எடுத்து, பிறகு அந்த ஊசியில் நூலைக் கோக்கும்போது இலக்கண விளக்கமின்றியே பிடிபடுகிறது. பாடநூல் உரையாடல்களில் இது இவ்வளவு இயல்பாக அமைந்து நான் பார்த்ததில்லை.

மூலையில் திரும்பும்போது பின்பக்கத்தில் நூலைச் சற்றுத் தளர்வாக விடவேண்டும். இல்லையேல் துணி சுருங்கி, எவ்வளவு நீவினாலும் நேராகாது. ஜப்பானியப் படவிளக்கத்தில் தெளிவாக உள்ள இந்தக் குறிப்பு ஆங்கிலத் தாளில் அடியோடு விடுபட்டிருந்தது. வெளிநாட்டவரையும் எண்ணி விற்கும் ஒரு நிறுவனம் இதைக்கூடச் சரிபார்க்காதது எரிச்சலூட்டுகிறது. படங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்து, வாக்கியங்களை மாணவர்களையே எழுதச் செய்வதுதான் உத்தமம்.

பலரும் முதலில் கைவைக்கும் ‘அசனோஹா’ என்ற சணல் (hemp) இலை வடிவத்தை வகுப்புக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பல கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் இடத்தில் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நடுவே சிறு இடைவெளி விடுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். கட்டம் கட்டமாகச் சிலுவைத் தையல் வரும் ‘ஜூஜி’ வகை, புதியவர்களுக்குப் போதும். கருநீலத் துணி பார்வைக்கு அழகுதான் என்றாலும், அதிலுள்ள அச்சுக் கோடுகள் மாலை வகுப்பின் வெளிச்சத்தில் சரியாகத் தெரிவதில்லை என்பதால் வெள்ளையையே வாங்கலாம்.