பெரியாஸ்பத்திரி பக்கத்து இட்லி வண்டி: சாம்பார் சுமார், அக்கா அருமை

மதுரை பெரியாஸ்பத்திரி பக்கத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நிற்கிற தள்ளுவண்டி, பெயரெல்லாம் கிடையாது. இட்லி பஞ்சு மாதிரி, தண்ணிச் சட்னியில் காரம் கச்சிதம், சாம்பார் மட்டும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மாமாவை வார்டில் சேர்த்துவிட்டுப் போய் நின்றபோது, பக்கத்தில் ஒரு அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தார். கடைக்கார அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு, மாவுக் கையைச் சேலையில் துடைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு வாய் சாப்புடுத்தா, நாளைக்கும் நீதான ஓடணும்” என்றார். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கிவிட்டது.

சும்மா ஆறுதல்தானே என்று நினைக்காதீர்கள். 2006-இல் உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர் அமெரிக்காவில் திருமணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஷாக் வரப்போகிறது என்று காட்டிக்காட்டிப் பார்த்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் ஆபத்துக்குப் பதறும் பகுதிகள் நன்றாகவே அடங்கின, முன்பின் தெரியாதவர் பிடித்தாலும் ஓரளவு குறைந்தது. அக்கா இதையெல்லாம் படித்திருக்க மாட்டார், சரி.

அப்புறம், பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள், இட்லி தீர்ந்துவிடுகிறது. ஜிபே கிடையாது, சில்லறை வேண்டும்.